சல்லிவனும் ஒரு மூலைக் கடையும்

சிவில் படித்த நண்பர்களுக்கு லூயிஸ் சல்லிவன் என்ற பெயர் புதிதல்ல. மற்ற பிராஞ்ச் நண்பர்களுக்காகவும், இப்போது படித்துக் கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும் இந்தச் சிறு அறிமுகம்.

சல்லிவன் 1856-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். பதினாறு வயதில் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். ஒரே வருஷம்தான், அதற்கு மேல் அங்கே உட்காரப் பொறுமையில்லை. பிலடெல்பியாவில் ஒரு வேலை கிடைத்தது. 1873-இல் வந்த பொருளாதார நெருக்கடியில் அதுவும் போச்சு. சிகாகோவுக்கு ரயிலேறினார். இரண்டு வருஷத்துக்கு முன்பு பெரும் தீவிபத்தில் எரிந்துபோன ஊர் அது. எங்கு பார்த்தாலும் கட்டட வேலை!

அங்கே அவருக்கு டாங்க்மார் ஆட்லர் என்ற என்ஜினீயரின் துணை கிடைத்தது. அஸ்திவாரம், ஒலியமைப்பு, கணக்கு வழக்கு எல்லாம் ஆட்லர். வடிவமும் அலங்காரமும் சல்லிவன். 1889-இல் சிகாகோ ஆடிட்டோரியம், 1891-இல் செயின்ட் லூயிஸில் வெய்ன்ரைட் கட்டடம் என்று இருவரும் வரிசையாகச் சாதித்தார்கள். எஃகுச் சட்டகம் சுமையைத் தாங்குகிறது என்றால், சுவர் எதற்குக் கோட்டை மாதிரி தடித்து நிற்க வேண்டும்? பயன்பாட்டிலிருந்துதான் வடிவம் பிறக்க வேண்டும் என்பது சல்லிவனின் கட்சி.

1893-இல் மறுபடியும் நெருக்கடி. வேலைகள் குறைந்தன. 1895-இல் ஆட்லர் பிரிந்து ஒரு லிஃப்ட் கம்பெனிக்குப் போனார். சில மாதங்களிலேயே கட்டடத் தொழிலுக்குத் திரும்பினார். ஆனால் சல்லிவன் அவரோடு மறுபடி கூட்டுச் சேரவில்லை. ஆட்லர் 1900-இல் காலமானார்.

அந்த நாட்களில்தான் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் மூலையில், ஷ்லெசிங்கர் அண்ட் மேயர் கம்பெனிக்காக ஒரு பெரிய கடையை சல்லிவன் கட்டினார். 1899-இல் ஒன்பது மாடிப் பகுதி, 1903-04-இல் பன்னிரண்டு மாடி மூலைப் பகுதி. கீழே இரண்டு மாடிக்குக் கொடி படர்ந்தாற்போல் வார்ப்பிரும்பு வேலைப்பாடு. அதில் பெரும்பங்கு அவருடைய உதவியாளர் எல்ம்ஸ்லியின் கைவண்ணம். மேலே வெள்ளை டெரகோட்டா, அகல அகலமான ஜன்னல்கள். உள்ளே தடுப்புச் சுவர் இல்லாத விசாலமான தளங்கள். 1904-இலேயே கடை கைமாறி, கார்சன் பிரி ஸ்காட் என்ற பெயரில் நூறு வருஷம் ஓடியது.

கட்டியவருக்கு மட்டும் அதிர்ஷ்டம் திரும்பவில்லை. அதற்குப் பின் சிகாகோவில் பெரிய வேலை எதுவும் வரவில்லை. சிற்றூர்களில் சில வங்கிகள் கட்டினார். 1909-இல் தன் புத்தகங்களையும் கலைப் பொருட்களையும் ஏலம் விட்டார். கடைசியில் நண்பர்கள் கொடுத்த பணத்தில்தான் ஜீவனம். 1924 ஏப்ரல் 14 அன்று ஒரு ஓட்டல் அறையில் உயிர் பிரிந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. ஆட்லருடன் சேர்ந்து கட்டிய சிகாகோ பங்குச் சந்தைக் கட்டடம் 1972-இல் இடிக்கப்பட்டது. பாதுகாக்க வேண்டும் என்று எத்தனையோ பேர் போராடியும் பலிக்கவில்லை. ஆனால் கார்சன் கட்டடத்துக்கு 1970-இல் மாநகரத்தின் பாதுகாப்பும், 1975-இல் தேசிய அந்தஸ்தும் கிடைத்தன. 2007-இல் கடை மூடப்பட்டது. நகரின் நடுமையத்தில் அவ்வளவு பெரிய கட்டடம் காலி! இடிக்கவும் கூடாது, சும்மா விடவும் முடியாது. 1948-இல் அகற்றிய உச்சிக் கார்னிஸை அதற்கு முந்தைய வருஷமே திரும்ப வைத்திருந்தார்கள். வார்ப்பிரும்பு வேலைப்பாட்டையும் செப்பனிட்டார்கள். மேல் தளங்கள் அலுவலகங்களுக்கும் கலைக் கல்லூரிக்கும் போயின. 2012-இல் கீழ்த் தளங்களில் டார்கெட் கடை திறந்தது. கட்டடத்தின் பெயரும் சல்லிவன் சென்டர் என்று மாறியது.

சட்டம் காப்பாற்றியது பாதி என்றால், மீதியைக் காப்பாற்றியது அந்தத் திறந்த தளங்கள்தான். ஒரு கடைக்காக மட்டும் அறை அறையாகக் கட்டியிருந்தால் அடுத்தவர் யார் வந்திருப்பார்?

தம்பிகளே, தங்கைகளே! நாளைக்கு நீங்கள் டிசைன் செய்யும்போது, முதல் சொந்தக்காரர் போன பிறகு வரப்போகிறவரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்னொன்று: கூட வேலை செய்த நண்பர் திரும்பி வந்தால் கதவைத் திறந்து வையுங்கள். சல்லிவன் தன் கட்டடத்தில் செய்ததைத் தன் வாழ்க்கையில் செய்யவில்லை.