கனடாவின் வாயிலைக் கண்ட கடலோடி

உலகப் படத்தை விரித்து வட அமெரிக்காவின் கீழ்க்கரையை நோக்கினால், அகன்ற வாயுடன் கடலில் கலக்கும் பேராறு ஒன்றைக் காண்போம். அதுவே செயின்ட் லாரன்ஸ் ஆறு. அக்கடலோரத்தில் மீன் பிடிக்க ஐரோப்பியர் முன்பே வந்து போயினர். ஆயினும் ஆற்று வழியே உள்நாடு வரை சென்றவர் என்று வரலாறு முதலில் குறிப்பிடுவது ஜாக் கார்ட்டியர் என்னும் பிரெஞ்சு மாலுமியைத்தான். அவர் வாழ்க்கையில் நாம் போற்றத்தக்கதும் உண்டு. எண்ணி வருந்தத்தக்கதும் உண்டு.

கார்ட்டியர் 1491-ஆம் ஆண்டில் பிரான்சின் செயின்ட் மாலோ துறைமுகத்தில் பிறந்தார். ஆசியாவுக்கு மேற்குத் திசையில் ஒரு கடல்வழியும், பொன் விளையும் நாடுகளும் வேண்டுமென விரும்பிய மன்னர் முதலாம் பிரான்சிஸ் அவரை அனுப்பினார். 1534 ஏப்ரல் 20-ஆம் நாள் இரண்டு கப்பல்களில் 61 பேருடன் புறப்பட்டு, இருபதே நாட்களில் நியூபவுண்ட்லாந்தை அடைந்தார். ஜூலை மாதம் கஸ்பே என்னுமிடத்தில் 30 அடி உயரச் சிலுவையொன்றை நாட்டி, அதில் பிரெஞ்சு அரச சின்னத்தையும் பொறித்தார். அந்நிலம் தம்முடையது என்று பூர்வகுடித் தலைவர் தொன்னக்கோனா சைகையால் மறுத்துரைத்தார். கார்ட்டியர் அவரைச் சமாதானப்படுத்தி, அவருடைய மைந்தர் இருவரையும் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார்.

மறு ஆண்டு மூன்று கப்பல்களுடன் மீண்டும் வந்தார். புனித லாரன்சின் திருநாளாகிய ஆகஸ்ட் 10 அன்று ஒரு சிறு விரிகுடாவுக்கு அப்புனிதரின் பெயரைச் சூட்டினார். பின்னர் அப்பெயரே ஆற்றுக்கும் ஆயிற்று. அம்மக்கள் மொழியில் ஊர் எனப் பொருள்படும் கனாட்டா என்ற சொல்லே நாட்டின் பெயராய் நிலைத்தது. அக்டோபர் 2-ஆம் நாள் ஓஷலகா என்னும் ஊரை அடைந்து, அருகிலிருந்த குன்றுக்கு அரச மலை எனப் பெயரிட்டார். இன்றைய மான்ட்ரீல் நகரின் பெயர் அதிலிருந்தே பிறந்தது.

பின்பு வந்தது கொடிய குளிர்காலம். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை கப்பல்கள் பனிக்கட்டியில் சிறைப்பட்டன. உப்பிட்ட இறைச்சியையே உண்டு வந்த மாலுமிகளை ஸ்கர்வி நோய் பற்றியது. கால்கள் வீங்கின, ஈறுகள் அழுகின. 110 பேரில் நலமாயிருந்தவர் பத்துப் பேர் கூட இல்லை. தேவமாதாவின் படத்தை ஒரு மரத்தில் வைத்து, நடக்க முடிந்தவர்கள் பனியில் பவனியாய்ச் சென்று மன்றாடினர். தங்கள் பலவீனம் வெளியே தெரியாதிருக்கக் கப்பலுக்குள் சுத்தியலால் தட்டி ஓசை எழுப்பவும் செய்தார் கார்ட்டியர்.

அவ்வேளையில், தொன்னக்கோனாவின் மகன் தொமகாயா இதே நோயிலிருந்து எழுந்து நடமாடுவதைக் கண்டு, அவர் மருந்தை வினவினார். தொமகாயா இரண்டு பெண்களைக் கூட அனுப்பினான். அப்பெண்கள் அனெத்தா என்னும் மரத்தின் கிளைகளைக் கொணர்ந்து, பட்டையையும் இலையையும் காய்ச்சிக் குடிக்கும் முறையைக் கற்பித்தனர். அதில் வைட்டமின் 'சி' இருந்ததை அன்று எவரும் அறியார். ஒரு பெரிய மரமே எட்டு நாட்களுக்குள் தீர்ந்தது, நோயாளிகள் எழுந்தனர். அதற்குமுன் 25 பேர் மாண்டிருந்தனர். மற்றவர்களைக் காத்த அவ்விரு பெண்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

இந்த நன்றியைக் கார்ட்டியர் எவ்வாறு செலுத்தினார்? 1536 மே 3-ஆம் நாள், திருச்சிலுவைத் திருநாளன்று, மீண்டும் ஒரு சிலுவையை நாட்டிவிட்டு, அதே நாளில் தொன்னக்கோனாவையும் தொமகாயாவையும் பிறரையும் சிறைபிடித்தார். பத்துப் பேர் பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1541-க்குள், ஒரு சிறுமி நீங்கலாக அனைவரும் இறந்தனர். ஒருவரும் ஊர் திரும்பவில்லை.

1541-இல் கார்ட்டியர் மூன்றாம் முறை வந்தபோது, தலைவர் மட்டுமே இறந்தார், ஏனையோர் பிரான்சில் சீமான்களாய் வாழ்கின்றனர் என்று பொய்யுரைத்தார். அம்மக்களின் நட்பு பகையாயிற்று, குடியேற்றம் நிலைக்கவில்லை. பொன்னும் வைரமும் என எண்ணி 1542-இல் அவர் கொண்டு சென்றவை வெறும் இரும்புக் கந்தகக் கல்லும் படிகக் கல்லுமே. 1557 செப்டம்பர் 1-ஆம் நாள் அவர் தம் சொந்த ஊரில் காலமானார்.

அறியாத கடலிலும் ஆற்றிலும் துணிந்து கலம் செலுத்திய அவர் ஆற்றலை நாம் மறுக்க இயலாது. ஆனால் துணிவு மட்டுமே ஒருவரை உயர்ந்தவராக்குவதில்லை. உயிர் கொடுத்தவரின் உரிமையைப் பறித்த கரத்தில், பொன்னென்று எடுத்ததும் கல்லாயிற்று. நாமும் கல்வியெனும் கடலில் புதிய கரைகளைத் தேடிச் செல்கிறோம். அங்கே நம்மை வரவேற்று உதவுவோரை, பெயர் அறியாத எளியோராயினும், நன்றியோடு நினைவில் கொள்வோமாக.