மழலையரின் ஆசிரியை மரியா மாண்டிசோரி

குழந்தைகள் காப்பகத்தில் பணிபுரியும் ஒரு பெண்ணிடம், என்ன வேலை செய்கிறீர்கள் என்று நாம் கேட்டால், பெரும்பாலும் அவர் சற்றுத் தயங்கியே பதில் சொல்வார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் என்பார். ஆசிரியை என்று தம்மைச் சொல்லிக்கொள்ள அவருக்கு நா எழாது. ஒரு வயதுக் குழந்தைக்குச் சோறூட்டுவதும், மூக்கைத் துடைத்துவிடுவதும், தூங்க வைப்பதும் படிப்புத் தேவைப்படாத வேலை என்று நாமும் நினைத்துப் பழகிவிட்டோம். கல்வி என்பது அந்த வயதில்தான் தொடங்குகிறது என்று வாழ்நாளெல்லாம் எடுத்துச் சொன்ன ஒருவரை இன்று நினைவுகூர்வோம், அன்பர்களே.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் அவரே என்று பல நூல்களில் படிக்கிறோம். அது சரியல்ல, அவருக்கு முன்பே சில பெண்கள் பட்டம் பெற்றிருந்தனர். ஆனால் அந்தச் சிலருள் ஒருவராக இருப்பதே அந்நாளில் பெரும் போராட்டம். பட்டம் பெற்றபின் மனநல மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டிருந்த சிறுவர்களைப் பார்க்கச் சென்றார். அவர்கள் உணவு முடிந்ததும் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைப் பேராசை என்று பணியாளர்கள் ஏளனம் செய்தனராம். வெறும் அறையில் கையால் தொட்டுப் பார்க்க அக்குழந்தைகளுக்கு வேறு எதுவும் இல்லை என்பது மரியாவின் கண்ணுக்குப் பட்டது.

இந்தப் பணியில் உடனிருந்த மருத்துவர் ஜுசெப்பே மொந்தெசானோவுக்கும் மரியாவுக்கும் 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவர்களுக்குத் திருமணம் நடக்கவில்லை. ஊரறிந்தால் மரியாவின் மருத்துவப் பணி அன்றோடு முடிந்துபோயிருக்கும். மாரியோ என்று பெயரிடப்பட்ட அக்குழந்தை, நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளரக் கொடுக்கப்பட்டது. மொந்தெசானோ பின்னர் வேறொரு பெண்ணை மணந்தார். மரியா அவ்வப்போது சென்று மகனைப் பார்ப்பார், தாம் யார் என்று சொல்லாமலே திரும்பி வருவார். உலகத்துக் குழந்தைகளின் முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றி இவ்வளவு பேசியவருக்குத் தம் சொந்தக் குழந்தையின் அந்த ஆண்டுகள் கிடைக்கவில்லை. அவரைக் குறைகூற இதை நாம் எழுதவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்லவும் முடியவில்லை.

உரோமையின் சான் லொரென்சோ அன்று ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் மாடிப்படிகளில் திரிந்து, புதிதாக வெள்ளையடித்த சுவர்களைப் பாழாக்கினர். அவர்களைக் கட்டி மேய்க்க ஆள் வைத்தால் பழுதுபார்க்கும் செலவு குறையும் என்று வீடுகளின் உரிமையாளர்களான கட்டட நிறுவனத்தார் கணக்குப் போட்டனர். பெரிய காரியங்கள் சில இப்படிச் சின்னக் கணக்கிலும் தொடங்குகின்றன. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழாவன்று, ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகளோடு முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பொறுப்பு மரியாவுடையது. அன்றாடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர் ஆசிரியப் பயிற்சி இல்லாத ஓர் எளிய பெண். இது நல்லதாயிற்று என்றே மரியா பிற்காலத்தில் கருதினார். பயிற்சி பெற்ற ஆசிரியை என்றால் பாடம் நடத்தத் தொடங்கியிருப்பார், குழந்தைகளைக் கவனித்திருக்க மாட்டார்.

ஒருநாள் மரியா அங்கே மூக்குச் சிந்துவது எப்படி என்று காட்டினார். கைக்குட்டையை எடுத்து, சத்தமில்லாமல், பிறர் கவனிக்காதபடி துடைத்துக்கொள்ளும் விதத்தை மெதுவாகச் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. முடிந்ததும் கைதட்டி மகிழ்ந்தனர். அதுவரை மூக்கு ஒழுகுகிறது என்று திட்டினார்களே தவிர, துடைத்துக்கொள்ள யாரும் அவர்களுக்கு மரியாதையோடு கற்றுக்கொடுத்ததில்லை. மற்றொரு நாள், நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றைத் தாயிடமிருந்து வாங்கி வகுப்புக்குள் கொண்டுவந்தார். இந்தக் குழந்தை எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள், உங்களால் இப்படி இருக்க முடியுமா என்று கேட்டார். பிள்ளைகள் மூச்சையும் அடக்கி அசையாமல் இருந்தனர். கடிகாரத்தின் ஓசை கேட்டது. அன்று வகுப்பை நடத்திய ஆசிரியர் அந்த நான்கு மாதக் குழந்தைதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

மழலையரைப் பார்த்துக்கொள்வோருக்கு அவர் சொன்னது, முதலில் கவனியுங்கள் என்பதே. ஆறு மாதக் குழந்தை ஒன்று இருந்த அறைக்கு வந்த பெண்மணி, தம் குடையை மேசைமேல் வைத்தார். குழந்தை வீறிட்டு அழுதது. குடை வேண்டுமென்று அழுகிறதாக்கும் என்று எண்ணி அவர் அதை நீட்ட, குழந்தை தள்ளிவிட்டு இன்னும் அழுதது. தாய் குடையை எடுத்து வேறு அறையில் வைத்ததும் அழுகை நின்றது. மேசைமேல் குடை என்பது குழந்தை அறிந்திருந்த ஒழுங்குக்கு மாறானது. நாம் பிடிவாதம் என்கிறோம், பசி என்கிறோம், கிலுகிலுப்பையை ஆட்டுகிறோம். ஏன் அழுகிறது என்று ஒரு நிமிடம் பார்த்து நிற்பதுதான் கடினம். உயரம் குறைந்த மேசை, எட்டும் உயரத்தில் கைகழுவும் தொட்டி, குழந்தை தானே இறங்கித் தவழும்படி தரையோடு விரித்த படுக்கை என்று அவர் வகுத்தவை எல்லாம் இப்படி நின்று பார்த்ததில் பிறந்தவையே.

1912ஆம் ஆண்டு இறுதியில் மரியாவின் தாயார் இறந்தார். அடுத்த ஆண்டு, பதினைந்து வயது மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். வெளியாருக்கு அவர் உறவினர் மகன் அல்லது வளர்ப்பு மகன். புகழும் வந்தது, எதிர்ப்பும் வந்தது. குழந்தையின் நன்மைத்தனத்தை இவர் அளவுக்கு மீறி நம்புகிறார், பிறப்புநிலைப் பாவத்தை மறக்கிறார் என்று திருஅவைக்குள் சிலர் குறைகூறினர். 1918இல் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் அவருக்கு ஆசீர் வழங்கினார். பின்னர் முசோலினி அரசு இத்தாலியில் அவருடைய பள்ளிகளை மூடியது.

பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939 நவம்பரில், தம் 69ஆம் வயதில், அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். கீற்றுக் கொட்டகைகளில் ஏறத்தாழ முந்நூறு பேருக்குப் பயிற்சி அளித்தார். சில மாதங்களில் திரும்புவதாக இருந்தவரைப் போர் தடுத்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மாரியோ எதிரிநாட்டவராக முகாமில் அடைக்கப்பட்டார், மரியா அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்றாயிற்று. அவரது 70ஆம் பிறந்தநாளுக்குப் பரிசாக மாரியோவை அரசு விடுவித்தது. அரசப் பிரதிநிதி அனுப்பிய தந்தியில் மாரியோ மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்ததாக வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. நாற்பது ஆண்டுகளாக அந்தத் தாய்க்குக் கிடைக்காத சொல் அது.

1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் வாழ்ந்தனர். தாயின் இடுப்பில் அமர்ந்து சந்தைக்கும் வேலைக்கும் போய்வரும் குழந்தை பேச்சையும் பழக்கங்களையும் ஊரையும் தானாகவே உள்வாங்கிக்கொள்கிறது என்று இந்தியாவில் ஆற்றிய உரைகளில் அவர் சுட்டிக்காட்டினார். அந்த உரைகளிலிருந்து உருவான நூல் 1949இல் அடையாற்றிலேயே வெளியானது. அதற்குள், 1947இல், அவருடைய மாணவி அதேலே கோஸ்தா ஞோக்கி, பிறந்த நாள் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைப் பேணுவோருக்கென்றே உரோமையில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்.

1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் மரியா இறந்தார். அவருக்கு வயது 81. மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பயிற்சி அளிக்கச் செல்வது பற்றி அன்று மாரியோவோடு பேசிக்கொண்டிருந்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவர் எழுதிவைத்த உயிலில் மாரியோவைத் தம் மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்.