தத்துவப் பேராசிரியரின் தமிழ்ப்பணி

கரமனை ஆற்றின் மேல் 1853இல் பாலம் கட்டினார்கள். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர் பல தலைமுறையினர் அந்தப் பாலத்தின் வழியேதான் நகருக்குள் புகுந்தனர். ஆற்றங்கரைத் தெருக்களிலே வீட்டுக்குள் தமிழும் வாசலுக்கு வெளியே மலையாளமுமாகப் பேசும் குடும்பங்களை இன்றும் காணலாம். அத்தகைய வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வரும் நமக்குத் தமிழ்த்துறை இருக்கிறது. தமிழ் நூல்கள் இருக்கின்றன. கூடிப் பேச ஒரு மன்றமும் இருக்கிறது. பிறமொழி வழங்கும் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இவை எல்லாம் தாமாக முளைத்தவை என்று எண்ணிவிட வேண்டாம். இவற்றுள் ஒன்றுகூட நிலைபெறாத நாளில் இந்நகரில் தமிழுக்கு இடம் தேடிய ஒருவரின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன். அவர் தமிழாசிரியராகச் சம்பளம் பெற்றவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெ. சுந்தரம் பிள்ளை 1855ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஆலப்புழையில் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை. தாயார் மாடத்தி அம்மாள். பாண்டி நாட்டிலிருந்து குடியேறி வணிகம் செய்த குடும்பம் அது. ஆகவே, பிறந்த நாள்தொட்டே வீட்டுமொழி ஒன்று, ஊர்மொழி ஒன்று என்னும் நிலைமை அவருக்குப் பழக்கம். திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் பயின்று 1876இல் பி.ஏ. பட்டம் பெற்றார். இன்று பாளையத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரோடு நிற்பது அக்கல்லூரியே.

அடுத்த ஆண்டு திருநெல்வேலிக்குச் சென்று ஆங்கிலத் தமிழ்ப் பள்ளியொன்றின் தலைமையாசிரியரானார். பின்னாளில் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது அப்பள்ளிதான். கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளிடம் அவர் மாணாக்கரானதும் அந்நாட்களின் தொடர்பால்தான். இரண்டாண்டு கழிந்தது. மகாராசர் கல்லூரியில் தத்துவம் கற்பித்த ஆர்வி என்ற ஆங்கிலப் பேராசிரியர் தம் பழைய மாணவரை மறக்கவில்லை. 1879இல் அவரைத் திரும்ப வரவழைத்துத் தம் துறையிலேயே ஆசிரியராக அமர்த்திக்கொண்டார். அந்நாளில் நெல்லையிலிருந்து வருவோர்க்கு ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், நெய்யாற்றின்கரை, கரமனை என்பதே பெருவழி. 1880இல் எம்.ஏ. பட்டமும் கிடைத்தது. திருவிதாங்கூரில் முதன்முதல் அப்பட்டம் பெற்றவர் அவரே என்பர். இடையில் சில ஆண்டு அரண்மனையில் பிறவகைச் சிரசுதார் என்னும் வருவாய்த்துறைப் பதவி வகித்தார். அதைப்பற்றி விரிக்க ஒன்றுமில்லை. ஆர்வி விலகிய பின் 1885இல் தத்துவப் பேராசிரியர் ஆனார். இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார்.

பகலெல்லாம் வகுப்பில் மேனாட்டுத் தத்துவத்தை ஆங்கிலத்தில் கற்பித்த அவருக்குத் தமிழ் வேலை செய்ய எஞ்சியவை மாலைப்பொழுதும் விடுமுறையும்தாம். அந்நேரத்தில் அவர் செய்தவற்றைப் பாருங்கள். 1885இல் திருவனந்தபுரத்தில் சைவப்பிரகாச சபையைத் தோற்றுவித்தார். அறிவுத்துறைகளை வகைப்படுத்தி ‘நூற்றொகை விளக்கம்’ என்றொரு நூலைத் தமிழில் இயற்றினார். மேனாட்டார் அறிவியல்களைப் பகுக்கும் முறையைத் தமிழிலே சொல்ல முடியும் என்று காட்டத் துணிந்த முயற்சி அது. நம்மில் எத்தனை பேர் அந்நூலைப் பார்த்திருக்கிறோம்?

‘மனோன்மணீயம்’ 1891இல் வெளிவந்தது. லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் பாடிய ‘இரகசிய வழி’ என்னும் கதையைத் தழுவிய செய்யுள் நாடகம் இது. கதையைப் பாண்டி நாட்டுக்கும் சேர நாட்டுக்கும் இடையே கொண்டுவந்து வைத்தார் ஆசிரியர். சீவகன் என்னும் பாண்டியன் சூதறியாதவன். அமைச்சன் குடிலனோ சூதே வடிவானவன். திருவனந்தபுரத்தில் ஆளும் சேரன் புருடோத்தமனிடம் நாஞ்சில் நாடு பாண்டியருக்கே உரியது என்று தூது போகிறது, போர் மூள்கிறது. முடிவில் பாண்டியன் மகள் மனோன்மணி அதே சேரனுக்கு மாலையிடுகிறாள். நாஞ்சில் நாடு யாருக்கு என்ற வழக்கு 1956இல்தான் தீர்ந்தது. அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அவ்வழக்கை நாடகமாக்கித் திருமணத்தில் முடித்தவர், இரு நாட்டு மக்களோடும் நாள்தோறும் பழகிய ஒரு கல்லூரி ஆசிரியர் என்பது நினைக்கத்தக்கது. அந்நூலை ஆர்விக்கே உரிமையாக்கினார். பேரூர்க்கடைக் குன்றில் தாம் வாழ்ந்த இடத்துக்கும் ஆர்விபுரம் என்று பெயரிட்டார்.

1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் பாடப்பெறுவதும், 2021இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டதுமாகிய தமிழ்த்தாய் வாழ்த்து இந்நூலின் பாயிரத்திலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தவர்கள் சில அடிகளை விட்டுவிட்டனர். கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் துளுவும் தமிழின் வயிற்றிலே பிறந்தவை என்னும் பொருள்படும் அடிகளும் அவற்றுள் அடங்கும். இன்றைய மொழியியலார் கன்னடம், தெலுங்கு, துளு ஆகியவற்றைத் தமிழுக்கு உடன்பிறப்புகளாகவே கொள்வர். மலையாளத்தின் பிறப்புப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. விட்டது முறையே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் மலையாள மாணவர் நிறைந்த வகுப்பை நடத்திவிட்டு வீடு திரும்பியவர் அவ்வடிகளை எழுதினார் என்பதையும் மறத்தலாகாது. அவர் அம்மொழியை அயலாக எண்ணவில்லை.

எண்ணவில்லை என்பதற்குச் சான்று வேண்டுமா? திருவிதாங்கூர்க் கோயில்களில் கேட்பாரற்றுக் கிடந்த கல்வெட்டுகளைத் தேடிப் படித்தார். வேணாட்டுப் பழைய அரசர் வரிசையை அவற்றின் துணையால் வகுத்து 1894இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். தம்மை வாழவைத்த நாட்டின் வரலாற்றுக்கு ஒரு தமிழர் அளித்த கொடை அது. திருஞானசம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குத் தள்ளிய கால்டுவெல்லின் கருத்தை மறுத்து, ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் என்று நிறுவியதும் அக்காலத்தில்தான். கால்டுவெல்லிடம் மதிப்பு வைத்தவர். எனினும் சான்று வேறு சொன்னபோது சான்றின் பக்கம் நின்றார்.

1892 டிசம்பரில் விவேகானந்தர் திருவனந்தபுரம் வந்து சுந்தரராம ஐயர் வீட்டில் தங்கினார். அப்போது நம் பேராசிரியரும் அவரைக் கண்டு உரையாடினார். தாம் திராவிடராதலின் இந்து அமைப்புக்குள் அடங்காதவர் என்று அவர் சொன்னதாகவும், அது சுவாமிகளுக்கு உவப்பாக இல்லை என்றும் ஐயர் எழுதி வைத்திருக்கிறார். சைவப்பிரகாச சபை கண்டவர் இவ்வாறு சொன்னது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். விருந்தினர் பெரியவர் என்பதற்காகத் தம் கருத்தை மாற்றிச் சொல்லும் இயல்பு அவருக்கு இல்லை போலும்.

1896இல் அரசு ராவ்பகதூர் பட்டம் அளித்தது. மறு ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் காலமானார். வயது நாற்பத்திரண்டே. மகன் நடராச பிள்ளை அப்போது சிறுவர். அவர் வளர்ந்து விடுதலைப் போரில் இறங்கவே, திவான் சி.பி. இராமசாமி ஐயர் காலத்தில் ஆர்விபுரத்து நிலம் பறிமுதலாயிற்று. தந்தையின் வீடு போயிற்று. மகன் பிற்காலத்தில் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் நிதியமைச்சரானார்.

சுந்தரம் பிள்ளை மறைந்து நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1944இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை தோன்றியது. அதற்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுத்தவர் காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியார். 1951 முதல் 1954 வரை அங்கே பேராசிரியராக இருந்தவர் வையாபுரிப் பிள்ளை. அத்துறை இன்று காரியவட்டத்தில் இருக்கிறது. கரமனையிலிருந்து செல்பவர்கள் நகரைக் கடந்து வடக்கே நெடுந்தூரம் போக வேண்டும்.