யாக்கோபு பூக்கரும் அவர் கட்டுவித்த சிறு வீடுகளும்

அவுக்ஸ்புர்க் என்னும் ஜெர்மானிய நகரத்தை நம் வாசகருட் பலர், 1530-ஆம் ஆண்டில் அங்கே வாசிக்கப்பெற்ற விசுவாச அறிக்கையின் வாயிலாக அறிந்திருப்பர். அவ்வறிக்கைக்குச் சில ஆண்டுகள் முன்னரே அந்நகரில் ஏழைத் தொழிலாளருக்கென எழுந்த சிறு வீடுகளையும், அவற்றைக் கட்டுவித்தவருடைய வரலாற்றையும் ஈண்டுச் சுருங்க உரைக்க விரும்புகின்றோம்.

யாக்கோபு பூக்கர் 1459-ஆம் ஆண்டிற் பிறந்தார். அவருடைய பாட்டனார் 1367-இல் கிராபன் என்னும் சிற்றூரினின்று நகரம் புகுந்த ஒரு நெசவாளர். பேரனோ வெனிஸ் நகரில் வணிகம் பயின்று, திரோல் நாட்டு வெள்ளியையும் ஹங்கேரி நாட்டுச் செம்பையும் தம் கைப்படுத்தி, ஐரோப்பாவின் பெருஞ்செல்வராயினார். 1519-இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசராகத் தெரிந்தெடுக்கப்படுதற்குச் செலவான ஏறத்தாழ 8,50,000 கில்டரில் 5,40,000-க்கு மேற்பட்டது இவர் தந்த கடனேயாம்.

இவருடைய பணம் சென்ற வழிகள் யாவும் நேரியன அல்ல. மைன்ஸ் நகர்ப் பேராயர் தம் பதவிக்காக ரோமாபுரிக்குச் செலுத்திய பொருள் இவரிடம் வாங்கிய கடன். அக்கடனைத் தீர்க்கவே பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. அவ்விற்பனையைக் கண்டு வெகுண்ட லூத்தர் 1517-இல் என் செய்தார் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மறு ஆண்டில் லூத்தர் கர்தினால் கஜேத்தான் முன்னிலையில் விசாரிக்கப்பட்டதும் பூக்கருடைய மாளிகையிலேயே. 1525-இற் குடியானவர் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை ஒடுக்கிய படைக்கும் இவர் பொருள் உதவினார். இவற்றை மறைத்து ஒருவருக்குப் புகழ்மாலை சூட்டுதல் நமக்கு உடன்பாடன்று.

எனினும், அதே மனிதர் 1516 முதல் 1523 வரை, நகரின் ஒருபுறத்தே நிலம் வாங்கி 52 வீடுகளைக் கட்டுவித்தார்; 1521-இல் அறக்கட்டளைச் சாசனமும் எழுதிவைத்தார். தாமஸ் கிரெப்ஸ் என்பார் கட்டட வேலையை நடத்தினார். வீடுகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தாற்போல வரிசையாய், ஈரடுக்கினவாய் அமைந்தவை. கீழ்க்குடிக்கு ஒரு வாயில், மேற்குடிக்கு வேறொரு வாயில். ஒரு குடியிருப்பின் பரப்பு ஏறத்தாழ 650 சதுர அடி. வாயில்தோறும் மணி இழுக்கும் பிடி வெவ்வேறு வடிவினது; தெருவிளக்கில்லாத காலத்தில், இருளில் வருவோர் கையால் தடவித் தம் வாயிலை அறிந்துகொள்ள அஃது உதவிற்று. இரவு பத்து மணிக்குமேல் வருவோர் காவலனுக்குச் சிறு தொகை கொடுத்தே உட்புக வேண்டும். விடுதியில் வாழும் நம் மாணவர்க்கு இஃது அத்துணை விந்தையாய்த் தோன்றாது!

இங்கே இடம் பெற்றோர் பிச்சை ஏற்போர் அல்லர். உழைத்தும் வறுமையுற்ற நகரத்துக் கத்தோலிக்கக் கூலியாளரும் கைத்தொழிலாளருமாவர். ஆண்டுக்கு ஒரு ரைன் கில்டர் வாடகை; நாடோறும் மும்முறை கட்டளையிட்டார்க்காகச் செபம். இலவசமாய்த் தாராது வாடகை பெற்றதையே நாம் மிகவும் மெச்சுகின்றோம். வாடகை கொடுப்பவன் தன் வீட்டு வாயிலில் தலைநிமிர்ந்து நிற்கலாமன்றோ? இசைமேதை மொசார்ட்டின் கொள்ளுப்பாட்டனார், கொத்துவேலை செய்தவர், 1681 முதல் 1694 வரை இங்கே குடியிருந்தார்.

முப்பதாண்டுப் போரில் சுவீடன் படையினரால் இவ்வீடுகள் அழிவுற்று மீண்டும் எழுந்தன. 1944 பிப்ரவரியில் விமானக் குண்டுகளால் பெரும்பகுதி இடிந்தது. சில நாட்களுக்குள்ளாகவே பூக்கர் குடும்பத்தார் அவற்றைத் திரும்பக் கட்டத் தீர்மானித்தனர். இன்று 67 வீடுகளில் 140 குடியிருப்புகள் உள்ளன. வாடகை உயர்ந்திலது, அன்றைய கில்டரின் பெயரளவு மதிப்பாகிய 88 யூரோ சென்டே ஆண்டு வாடகை. இத்துணைக் குறைந்த வாடகையில் பழுதுபார்ப்பது எங்ஙனம் என வினவுவார்க்கு விடை, கட்டளைக்குரிய காடுகள். வெட்ட வெட்ட வளரும் மரமே அதன் முதன்மையான வருவாய்.

பூக்கர் மக்கட்பேறின்றி 1525 டிசம்பர் 30-ஆம் நாள் இறந்து, தாம் எழுப்பிய புனித அன்னாள் கோயிற் சிற்றாலயத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றார். அக்கோயில் இன்று லூத்தரன் திருச்சபையாருடையது. அவருக்கான மும்முறைச் செபமோ, நகரின் மறுபுறத்துச் சிறு வீடுகளில் நடைபெறுகின்றது.