வாயில்லாச் சீவன்களுக்காக வாதாடிய ரிச்சர்ட் மார்ட்டின்

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நமக்கு, ஊனுணவு வழக்கமான நாட்டில் பிறந்து, வேட்டையிலும் நாட்டம் கொண்டிருந்த ஒருவரின் வரலாறு எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. ஆயினும் ஆடுமாடுகளைக் கொடுமைப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம் என்று பிரித்தானியப் பாராளுமன்றத்தை முதன்முதலாக ஏற்கச் செய்தவர் அவரே. அவர் பெயர் ரிச்சர்ட் மார்ட்டின்.

அயர்லாந்தின் மேற்குப் பகுதியாகிய கால்வேயில் பெருநிலக்கிழார் குடும்பம் ஒன்றில் அவர் 1754ஆம் ஆண்டு பிறந்தார். கத்தோலிக்கர்க்குப் பாராளுமன்றத்தில் இடமில்லாத காலம் அது. ஆதலின் கத்தோலிக்க மரபில் வந்த அக்குடும்பத்தில் மார்ட்டின் மட்டும் புராட்டஸ்டண்டு நெறியில் வளர்க்கப்பட்டார். இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியில் பயின்று, பின்னர்ச் சட்டமும் கற்றார்.

இளமையில் அவர் துப்பாக்கியால் பெயர் பெற்றவர். அக்கால வழக்கப்படி பகைவரோடு எதிர்நின்று சுட்டுக்கொள்ளும் போட்டிகள் பலவற்றில் ஈடுபட்டார். ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் முரடர் ஒரு பிரபுவின் நாயைச் சுட்டுக் கொன்றதும் அத்தகைய ஒரு பகைக்கு வித்தாயிற்று. நாயின் உயிருக்காக மனித உயிரைப் பறிக்கத் துணிந்த அவர் இரக்கத்தில் சினமே மிகுந்திருந்தது. அந்தச் சினம் தணிந்து சட்டமாக உருப்பெறப் பல்லாண்டுகள் ஆயின.

அந்நாளில் இலண்டன் நகரின் நடுவே ஸ்மித்ஃபீல்டு கால்நடைச் சந்தை கூடிவந்தது. தொலைவிலுள்ள ஸ்காட்லாந்திலிருந்தும் வேல்சிலிருந்தும் மாடுகள் நடத்தியே கொண்டுவரப்பட்டன. நடந்து களைத்து வந்தவற்றை நெரிசலான தெருக்களில் தடியால் அடித்தும் கூர்முனைக் கோலால் குத்தியும் ஓட்டினர். சந்தையைச் சூழ்ந்து கொலைக்களங்கள் இருந்தன. சாவதற்கு முன்பே அவை பட்ட துன்பம் தெருவில் செல்வோர் கண்முன்னே நிகழ்ந்தது. எனினும் தடுக்கச் சட்டம் இல்லை. மாடு அதன் உடையவனுக்குரிய பொருள். தன் பொருளை ஒருவன் என்ன செய்தாலும் கேட்பாரில்லை என்பதே அன்றைய நிலை.

எர்ஸ்கின் பிரபு 1809இல் கொணர்ந்த சட்டமுன்வரைவு பிரபுக்கள் அவையில் நிறைவேறியும் மக்களவையில் தோற்றது. மார்ட்டின் 1821இல் மேற்கொண்ட முயற்சியும் பயனளிக்கவில்லை. இன்று குதிரைக்குக் கேட்பவர் நாளை கழுதைக்கும் நாய்க்கும் கேட்பார் என்று அவையில் நகைத்தனர். அவர் சோர்ந்தாரில்லை. 1822ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சட்டம் நிறைவேறியது. குதிரை, கழுதை, பசு, எருது, ஆடு முதலியவற்றைக் கொடுமையாக அடித்தாலோ துன்புறுத்தினாலோ 10 ஷில்லிங் முதல் 5 பவுண்டு வரை தண்டம். கட்டத் தவறினால் சிறை.

சட்டம் ஏட்டில் உறங்கலாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அறுபத்தெட்டாம் அகவையில் தாமே சந்தைக்குச் சென்று, குற்றம் புரிந்தோரை நீதிபதியின் முன் நிறுத்தினார். ஏழையான மாட்டோட்டிகள் தண்டம் கட்ட இயலாது வருந்தியபோது, ஒரு பகுதியைத் தம் பணத்திலிருந்து தாமே கட்டியதும் உண்டு. தண்டித்து வருத்துவதன்று, கொடுமையைக் குற்றம் என உணர்த்துவதே அவர் நோக்கம்.

1824ஆம் ஆண்டு பாதிரியார் ஆர்தர் புரூம் கூட்டிய கூட்டத்தில் விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கம் தோன்றியது. மார்ட்டினும், அடிமை வணிகத்தை எதிர்த்த வில்பர்ஃபோர்சும் அதில் பங்கேற்றனர். சந்தைகளையும் தெருக்களையும் கொலைக்களங்களையும் நேரில் கண்டு ஆய்வதற்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. அச்சங்கத்தின் செயலராகப் பின்னர்ப் பணியாற்றிய லூயிஸ் கோம்பெர்ட்ஸ் ஊனுணவையும் பாலையும் நீக்கியவர். குதிரை வண்டியில் ஏறவும் மறுத்தவர்.

மார்ட்டினின் சட்டம் குறையற்றதன்று. காளைகள் அதில் அடங்கா என்று நீதிமன்றங்கள் கூறின. ஏழையின் கொடுமை தண்டிக்கப்பட, செல்வரின் வேட்டை தொடர்ந்தது. காளை, நாய் முதலியவற்றுக்கும் காப்பளித்த சட்டம் வந்தது 1835இல்தான். அதனைக் காண மார்ட்டின் இல்லை. பாராளுமன்ற இடத்தை இழந்ததும், கடன்காரரால் சிறைப்பட நேரும் என்று பிரான்சுக்குச் சென்ற அவர், 1834 ஜனவரி 6ஆம் நாள் புலோன் நகரில் காலமானார்.

அவருடைய சட்டம் ஒரு மாட்டின் உயிரையேனும் காத்ததா? இல்லை. சந்தைக்கு வந்த மாடு கொலைக்களத்துக்கே சென்றது. வழியில் அடி குறைந்தது, அவ்வளவே. அந்த அளவு போதாது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அது பயனற்றது என்று தள்ளுதல் நம் நூல்நெறிக்கு ஒவ்வாது. கொல்லாமை என்னும் அணுவிரதத்தை மேற்கொண்ட இல்லறத்தார்க்கு ஐந்து அதிசாரங்களை நம் முன்னோர் விலக்கினர்: கட்டி வருத்துதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவற்றுள் ஒன்றும் கொலையன்று. கொல்லாதவனும் இவற்றால் விரதத்தில் குற்றப்படுவான் என்பதே அதன் பொருள். உயிர் நீங்கும் கணத்தில் மட்டுமன்றி, அதற்கு முன் அது படும் ஒவ்வொரு வருத்தத்திலும் இம்சை உண்டு.

இன்றும் நெடுஞ்சாலைகளில் லாரிகளில் நெருக்கி ஏற்றப்பட்டு, நிற்கவும் இடமின்றிச் செல்லும் மாடுகளைக் காண்கிறோம். நாம் ஊனுண்பதில்லை, ஆகவே இதில் நமக்குப் பங்கில்லை என்று முகந்திருப்பிச் செல்வது எளிது. அவற்றுக்கு இடமும் நீரும் ஓய்வும் கிடைக்கச் செய்ய, இருக்கும் சட்டத்தின் துணைகொண்டு முறையிடுவதும் அகிம்சையே. கொல்லாமையை முழுதும் அறியாத ஒருவர் முதுமையில் சந்தை வரை நடந்து சென்றார். அதனை அறிந்த நாம் அவ்வளவு தொலைவேனும் நடத்தல் வேண்டும்.