பந்தாடி உயர்ந்த பல்வாங்கர் பாலு

இவ்விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை வரைய முற்பட்டபோது, உடலுழைப்பாற் பிழைத்த குடியிற் பிறந்து விளையாட்டாற் புகழெய்திய ஒருவரையே நாம் தெரிந்தெடுத்தோம். உடப்புசல்லாவை மலைச்சரிவுகளிற் கொழுந்தெடுத்தோர் வழிவந்த மாணவர்க்கு அவர் அயலாரல்லர்.

மலைநாட்டிற் கோப்பி நோயால் மடிந்து தேயிலை வேர்கொள்ளத் தொடங்கிய காலத்தில், 1876 ஆம் ஆண்டு, பல்வாங்கர் பாலு இந்தியாவின் தார்வாரிற் பிறந்தார். தோல்தொழில் செய்வோரெனத் தீண்டாது ஒதுக்கப்பட்ட குலம் அவருடையது. பூனா நகரிற் பார்சிகளின் கிரிக்கெட் கழகமொன்றில் மாதம் 3 ரூபா கூலிக்குத் தரை பெருக்கினார். பின்பு ஐரோப்பியர் கழகத்தில் 4 ரூபா பெற்று, உருளை இழுத்தும் வலை கட்டியும் உழைத்தார். அங்குள்ள துரைமார் பயிற்சி பெறுதற்பொருட்டு நாள்தோறும் பந்தெறிந்தார். துடுப்பைப் பிடிக்க அவரை எவரும் அழைத்திலர். அவ்வூழியமே அவருக்குப் பள்ளியாயிற்று. இடக்கையால் மெதுவாகச் சுழற்றியெறியும் வித்தையில் அவர் நிகரற்றவரானார்.

அவர் திறமையை வேண்டிப் பூனா இந்துக்கள் தம் அணியிற் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ, ஏனையோர் மண்டபத்துள் அருந்த, அவருக்கு வெளியே மண்குவளையில் அளிக்கப்பட்டது. எளியோர் பறித்த கொழுந்தின் சாற்றைப் பருகுவதிலும் இத்தகைய வேற்றுமை இருந்ததை எண்ணுந்தோறும் எம் நெஞ்சம் நோகின்றது.

பம்பாய்க்குப் பெயர்ந்த பாலு, புகையிரதப் பகுதியில் வேலை பெற்று, அந்நகர் இந்துக்களின் அணியிலும் ஆடினார். 1906 இல் அவ்வணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றது. 1911 இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பல ஆட்டங்களில் தோல்வியுற்றபோதிலும், பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பினார். எனினும் இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்கு வழங்கப்படவில்லை. 1920 இல் இவ்வநீதியைக் கண்டித்துத் தம்பியர் விட்டலும் சிவராமும் அணியினின்றும் விலகி நின்றனர். 1923 இல் விட்டல் தலைவரானார். அண்ணனுக்கு அடைத்த கதவு தம்பிக்குத் திறந்தது.

1932 இற் பூனா ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டோருள் பாலுவும் ஒருவர். 1955 இல் அவர் மறைந்தார்.

விளையாட்டு ஒருவனது ஆற்றலை உலகறியச் செய்யும். அவனுக்குரிய மதிப்பை அளிப்பதோ உடனிருப்போர் கடமை. இந்துக் கல்லூரியின் பெயர் தாங்கும் நாம் இதனை மறத்தலாகாது. ஆடுகளத்தைச் செப்பனிடுவோனையும் ஆடுவோனையும் ஒரே பந்தியில் அமர்த்தும் பண்பே கல்வியின் பயன் என மாணவர்க்கு உரைத்து அமைகின்றோம்.