ஒரு ரூபாய் சம்பளக்காரர் ஐகோர்ட்டு நீதிபதி ஆனார்!

சென்னை ஐகோர்ட்டுக்குள் போனவர்கள் அந்தப் பளிங்குச் சிலையைப் பார்த்திருப்பார்கள். தலையில் தலைப்பாகை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். காலில் செருப்பு இல்லை. வக்கீல்களும் கட்சிக்காரர்களும் அவரைத் தாண்டித்தான் போகிறார்கள், வருகிறார்கள்.

அவர்தான் சர் டி. முத்துசாமி அய்யர். சென்னை ஐகோர்ட்டில் நீதிபதியாக உட்கார்ந்த முதல் இந்தியர். பெயருக்கு முன்னால் இருக்கும் "டி" திருவாரூரைக் குறிக்கும்.

தகப்பன் இல்லாத பிள்ளை

தஞ்சை ஜில்லாவில் உச்சுவாடி என்று ஒரு சிறிய கிராமம். அங்கே 1832-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி முத்துசாமி பிறந்தான். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். தாய் பிள்ளையை அழைத்துக்கொண்டு திருவாரூருக்கு வந்தாள்.

சாப்பாட்டுக்கே கஷ்டம். படிப்பு எங்கே நடக்கும்? கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக முத்துசாமி வேலையில் சேர்ந்தான். மாதச் சம்பளம் 1 ரூபாய்! அந்த ஒரு ரூபாயைக் கொண்டுவந்து தாயின் கையில் கொடுத்தான். பிள்ளை எப்படியாவது படிக்க வேண்டும் என்று அந்தத் தாய்க்கு ஆசை. ஆனால் அதைப் பார்க்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. சீக்கிரமே கண்ணை மூடிவிட்டாள்.

முத்துசாமி தெருவிளக்கின் வெளிச்சத்தில் படித்தான் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது வழக்கம். விளக்கு வெளிச்சம் பெரிதல்ல. அவன் தலைவிதியை மாற்றியது ஓர் உடைப்பு!

உடைப்பு கொண்டுவந்த அதிர்ஷ்டம்

ஒரு நாள் ஆற்றங்கரை உடைந்துவிட்டதாகத் தாசில்தார் கச்சேரிக்குத் தகவல் வந்தது. உடனே யாராவது நேரில் போய்ப் பார்த்து வரவேண்டும். குமாஸ்தாக்கள் யாரும் இல்லை. அங்கே நின்ற சிறுவன் முத்துசாமியைத் தாசில்தார் அனுப்பினார்.

சிறுவன் போனான். உடைப்பைப் பார்த்தான். சேதத்தைக் கணக்கு எடுத்தான். அதை அடைக்க என்ன வேண்டும் என்பதையும் விசாரித்துக்கொண்டு திரும்பினான். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னான். தாசில்தாருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு விசாரித்துப் பார்த்தார். சிறுவன் சொன்னது அத்தனையும் சரி!

அந்தத் தாசில்தாரின் பெயரும் முத்துசாமிதான். முத்துசாமி நாயக்கர். சாதியும் வேறு, உறவும் கிடையாது. ஆனாலும் அந்தப் பையனைக் கணக்கு எழுத விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. நாகப்பட்டினத்தில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். பிறகு சிபாரிசுக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். நாயக்கர் இல்லாவிட்டால் ஐகோர்ட்டில் இன்று அந்தச் சிலை இருக்காது.

500 ரூபாய் பரிசு

சென்னையில் பவல் என்ற ஆங்கிலேயர் தலைமை ஆசிரியராக இருந்தார். கெட்டிக்கார மாணவர்களைக் கண்டால் விடமாட்டார். அவருக்கு முத்துசாமியை மிகவும் பிடித்துப்போயிற்று.

1854-ம் ஆண்டு ராஜதானி முழுவதற்கும் ஆங்கிலக் கட்டுரைப் போட்டி ஒன்று நடந்தது. பரிசு 500 ரூபாய். அதை முத்துசாமி தட்டிக்கொண்டு வந்தார். மாதம் ஒரு ரூபாய் வாங்கியவருக்கு 500 ரூபாய் என்றால் எத்தனை வருடச் சம்பளம்? கணக்குப் போட்டுப் பாருங்கள்!

பிறகு 60 ரூபாய் சம்பளத்தில் ஆசிரியர் வேலை. அதன்பின் தஞ்சாவூர் கலெக்டர் கச்சேரியில் ஓர் உத்தியோகம். அதையும் அடுத்துப் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் டிப்டி இன்ஸ்பெக்டர் வேலை.

அந்தக் காலத்தில் சட்டத் துறைக்குள் நுழைய ஒரு குறுக்கு வழி இருந்தது. கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களும் வக்கீல் பரீட்சை எழுதலாம். கும்பகோணத்தில் 1856-ம் ஆண்டு நடந்த பரீட்சையை முத்துசாமி அய்யர் எழுதினார். முதலாவதாகத் தேறினார். உடனே தரங்கம்பாடியில் முன்சீப் வேலை கிடைத்தது. பிறகு டிப்டி கலெக்டர். 1865-ல் மங்களூரில் சப்-ஜட்ஜி.

நீதிபதிக்கே சம்மன்!

1868-ல் அவர் சென்னைக்குப் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக வந்தார். பட்டணத்துச் சில்லறைத் திருட்டு, அடிதடி, குடித்துவிட்டுக் கலாட்டா எல்லாம் போலீஸ் மாஜிஸ்திரேட்டு முன்னால்தான் வரும். கொலை போன்ற பெரிய குற்றம் என்றால் முதலில் விசாரித்து ஐகோர்ட்டுக்கு அனுப்புவார். ஏழை எளியவர்கள் நீதியின் முகத்தைப் பார்ப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஒரு நாள் ஓர் இந்தியர் புகார் கொண்டுவந்தார். தன்னை ஒரு வெள்ளைக்காரர் அடித்துவிட்டார் என்பது புகார். அடித்தவர் யார்? ஐகோர்ட்டு நீதிபதி!

வேறு ஒருவராக இருந்தால் மனுவை மடித்து வைத்திருப்பார். முத்துசாமி அய்யர் நீதிபதிக்குச் சம்மன் அனுப்பினார். அவ்வளவு பெரிய மனிதரைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டுமா என்று மேலே இருந்தவர்கள் தயங்கினார்கள். அய்யர் அசையவில்லை. விசாரணை நடந்தது. 3 ரூபாய் அபராதம் விதித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள்.

மூன்று ரூபாய் அந்த நீதிபதிக்கு ஒரு பொருட்டா? ஆனால் பட்டணம் முழுவதும் பேச்சு அதுதான்!

மாஜிஸ்திரேட்டாக இருந்தபோதே அவர் இன்னொரு காரியம் செய்தார். வயது நாற்பதை நெருங்கிவிட்டது. கையில் நல்ல உத்தியோகம் இருக்கிறது. ஆனாலும் சட்டத்தில் பட்டம் இல்லையே என்ற குறை உறுத்தியது. பகலில் வழக்கு, இரவில் புத்தகம் என்று படித்து பி.எல். பட்டம் வாங்கிவிட்டார். பிறகு ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதி ஆனார்.

கிளம்பியது எதிர்ப்பு

1878-ம் ஆண்டு அவரைச் சென்னை ஐகோர்ட்டு நீதிபதியாக நியமித்தார்கள். கல்கத்தா ஐகோர்ட்டில் 1863-லேயே சம்புநாத் பண்டிட் என்ற இந்தியர் நீதிபதி ஆகிவிட்டார். சென்னைக்கு அது 15 வருடம் கழித்துத்தான் வந்தது. அதையும் சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் பொறுக்கவில்லை. கறுப்பு மனிதருக்கு இவ்வளவு அதிகாரமா, இவ்வளவு சம்பளமா என்று எழுதின.

பதில் எழுத இந்தியர்களிடம் பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் கொதித்தார்கள். அவர்களில் இருவர் ஆசிரியர்கள்: ஜி. சுப்பிரமணிய அய்யர், எம். வீரராகவாச்சாரியார். மற்ற நால்வரும் சட்ட மாணவர்கள். 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சடித்து, 1878 செப்டம்பர் 20-ந் தேதி ஒரு வாரப் பத்திரிகையை வெளியிட்டார்கள். அதுதான் "இந்து" பத்திரிகை!

சண்டை வெளியே நடந்துகொண்டிருந்தது. முத்துசாமி அய்யர் அதில் வாய் திறக்கவில்லை. தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார். இந்து சட்ட வழக்குகளில் அவர் எழுதிய தீர்ப்புகளை வக்கீல்கள் பிற்காலத்திலும் தேடிப் படித்தார்கள். 1891-ல் மலபார் திருமண முறை பற்றி ஆராய சர்க்கார் ஒரு கமிஷன் அமைத்தபோது, அதற்குத் தலைவரும் அவர்தான். 1893-ல் மூன்று மாத காலம் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். அந்த இடத்தில் சென்னையில் அதற்கு முன் இந்தியர் யாரும் உட்கார்ந்தது இல்லை. அதே ஆண்டு "சர்" பட்டமும் வந்தது.

இன்றுள்ள சிவப்புக் கட்டிடத்துக்கு ஐகோர்ட்டு 1892-ல்தான் வந்தது. அங்கே அவர் சுமார் இரண்டரை ஆண்டுதான் இருந்தார். நீதிபதி வேலையில் இருக்கும்போதே, 1895-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி இறந்துபோனார். 63 வயது நிறைய இன்னும் 3 நாள் இருந்தது.

1898-ல் ஐகோர்ட்டுக்குள் அவருக்குச் சிலை வைத்தார்கள்.